ஒரு குறையும் வராது

அந்த ஊரில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதலில் போய் நிற்கிற இடம் நாற்காலிக்காரம்மாவின் வாசல்தான். பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஒன்று எங்கேயோ இருக்கத்தான் இருக்கிறது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே பின்னால் திரும்பிப் பார்ப்பாள். பிளாஸ்டிக் நாற்காலி, மேடைப் பலகை, பலகையைத் தாங்கும் இரும்புக் கால், பந்தல் துணி, கம்பளம், அண்டா, மின்விசிறி என்று வீடு முழுக்க வாடகைச் சாமான். கூடத்தில் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டுக் கூரையை முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கும் அண்டாவுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம். அங்கேதான் அவள் படுக்கை. உள்ளறையை மகனுக்கும் மருமகளுக்கும் ஒழித்துக் கொடுத்துவிட்டாள். வந்த புதிதில் மருமகள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அத்தை, நாம இந்த வீட்டுல குடியிருக்கோமா, இல்ல நம்மளயும் சேத்து அடுக்கி வச்சிருக்கா?" என்று கேட்டாள். மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு வசனம்தான். பெண்ணைப் பெற்றவர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். பந்தல் நிற்குமா, விளக்கு எரியுமா, சம்பந்தி வீட்டார் உட்கார நாற்காலி போதுமா என்று ஆயிரம் கேள்வி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "ஒரு குறையும் வராது, போங்க" என்பாள். அவ்வளவுதான். அவரும் போய் நிம்மதியாகத் தூங்குவார். சும்மா சொல்லக் கூடாது, அவள் சொன்னால் சொன்னதுதான். காரை பெயர்ந்த சுவர்மேல் மடிப்பு மடிப்பாகத் துணி தொங்கும். குண்டும் குழியுமான தரையைக் கம்பளம் மூடிவிடும். ஒழுகுகிற வீட்டையும் ஒரு நாளைக்கு மாளிகையாக்கிக் காட்டுவாள். வந்தவர்கள் மூக்கின் மேல் விரலை வைப்பார்கள். மறுநாள் பிரித்து வண்டியில் ஏற்றிவிட்டால் வீடு பழைய வீடுதான்.

அந்த ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. வெயில் காலத்தில் அது கணுக்கால் நனைகிற அளவுக்கு ஊர்ந்து போகும். மழை பிடித்துவிட்டால் இடுப்புக்கு ஏறிவிடும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் அந்தப் பக்கம். பாலம் மட்டும் எந்தப் பக்கமும் இல்லை.

அவள் புருஷன் செத்தது அந்த ஓடையில்தான். மூழ்கி இல்லை. மழைக்காலத்தில் ஒரு காலை, டீ குடித்துக்கொண்டிருந்த மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அக்கரைக்கு ஆட்டோ வரச் சொல்லியாயிற்று. அவரை அக்கரைக்குக் கொண்டுபோவது எப்படி? அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவி, அதில் அவரை உட்கார வைத்து, காலுக்கு ஒருவராக நான்கு பேர் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். அவள் நாற்காலி முதுகைப் பிடித்தபடி பின்னால் நடந்தாள். நடு ஓடையில் இழுப்பு அதிகமாகி, நால்வரும் கால் ஊன்ற முடியாமல் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் கை கைப்பிடியிலிருந்து நழுவித் தொங்கிற்று. "கையப் பிடிச்சுக்குங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று அதட்டி, அந்தக் கையை எடுத்துத் திரும்ப வைத்தாள். மறுபடி நழுவிற்று. மறுபடி வைத்தாள். "இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்" என்று பேசிக்கொண்டே போனாள். அக்கரையில் இறக்கி வைத்ததும் ஆட்டோக்காரர் குனிந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, யார்கிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அவள் காதைவிட்டுப் போகவே இல்லை. நாற்காலியை அவள் எரிக்கவில்லை, தனியாக எடுத்து வைக்கவும் இல்லை. கழுவி அடுக்கில் செருகினாள். அதுவும் வாடகைக்குப் போகிறது, யார் வீட்டுக் கல்யாணத்திலோ யாரோ அதில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். அது எந்த நாற்காலி என்று இப்போது அவளுக்கே தெரியாது. எதில் உட்கார்ந்தாலும் அதுவாக இருக்கலாம் என்பதால் அவள் நாற்காலியில் உட்காருவதையே விட்டுவிட்டாள். இத்தனை நாற்காலிக்குச் சொந்தக்காரி தரையில் உட்காருகிறாளே என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். உள்ளூரில் யாரும் பேசுவதில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு சேதி வந்தது. மேலாபீஸிலிருந்து ஓர் அதிகாரி ஊர் ஊராக வருகிறாராம். எந்த ஊருக்கு எது முதலில் வேண்டும் என்று நேரில் பார்த்து முடிவு செய்வாராம். முதல் தேவை எதுவோ அது மழைக்காலத்துக்குள் கிடைக்குமாம். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாமாம். டீக்கடையில் ஊர் கூடியது. தெருவிளக்கு என்றார் ஒருவர். தண்ணீர்த் தொட்டி என்றார் இன்னொருவர். பேச்சு முற்றி, பழைய சண்டையெல்லாம் வெளியே வந்தது. டீக்கடைக்காரர் பாலைக் கொதிக்கவிட்டுவிட்டு வெளியே வந்தார். அன்றைக்கு நாற்காலியைத் தூக்கிய நால்வரில் அவர் ஒருவர்.

"வெளக்கு இல்லாம நடந்துக்கலாம். தண்ணிய கொடத்துல தூக்கிக்கலாம்" என்றார். "மனுசன தூக்கிப் பாத்திருக்கீங்களா? நான் தூக்கியிருக்கேன்."

 பாலம்தான் முதல் தேவை என்று முடிவாயிற்று. நாற்காலிக்காரம்மா ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மருமகள் முழுகாமல் இருப்பது அப்போதுதான் தெரிந்திருந்தது. மழை பிடிக்கிற சமயத்தில் மாதம் நிறையும். கணக்குப் போட்டுப் பார்த்ததிலிருந்து மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை. பாலம் என்ற சொல் அத்தனை பேர் வாயிலிருந்தும் வந்ததைக் கேட்டதும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இந்த ஊர்க்காரர்களின் மரியாதை இருக்கிறதே, அதைக் கொண்டுபோய் உடைப்பில்தான் போட வேண்டும்.

"அதிகாரி செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு தண்ணியில இறங்கி வர்றதா? நம்ம மானம் என்ன ஆவறது?" என்றார் ஊர்த் தலைவர். எல்லாரும் நாற்காலிக்காரம்மாவைப் பார்த்தார்கள். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வருகிறவரை நன்றாக வரவேற்பது அவள் ரத்தத்தில் ஊறிய விஷயம். "ஒரு குறையும் வராது, போங்க" என்றாள்.

மருமகள் மட்டும் வீட்டில், "நனைஞ்சுக்கிட்டேதான் வரட்டுமே அத்தை. அப்பத்தான தெரியும்?" என்றாள்.

"வர்றவங்கள நனைய வைக்கிறது ஒரு மரியாதையா?" என்று மாமியார் அதட்டிவிட்டாள்.

அவளும் மகனும் ஓடையில் இரும்புக் கால்களை ஊன்றி, மேல் பலகைகளை வரிசையாகப் போட்டுக் கட்டினார்கள். அதன் மேல் கம்பளம். இரண்டு பக்கமும் பந்தல் குழாய்களைக் கைப்பிடியாக நிறுத்திப் பெயிண்ட் அடித்தார்கள். இரும்புக் கால்கள் அசிங்கமாகத் தெரிந்ததால் மடிப்புத் துணியைத் தண்ணீர் வரைக்கும் தொங்கவிட்டார்கள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர், அதைச் சொல்ல வேண்டும். சிடுசிடுப்பு இல்லை, அதிகாரம் இல்லை. கைப்பிடியைத் தொட்டபடி நடந்து வந்தவர் நடுவில் நின்று, "பாலம் நல்லா இருக்கே. தாங்குமா?" என்று அவளிடம்தான் கேட்டார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஒரு குறையும் வராது சார்."

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து தானாக வந்தது. எத்தனையோ வருஷமாக வந்துகொண்டிருக்கிற வார்த்தை.

பிறகு அவர் தெருத் தெருவாக நடந்தார். வீடு வீடாக நின்று, "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டார். பெரியவர்கள் எழுந்து நின்று கைகூப்பி, "உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க" என்றார்கள். வாசலுக்கு வந்தவர் கேட்டால் வேறு என்ன சொல்வது? முதல் கேள்விக்கே வயிற்றெரிச்சலைக் கொட்டுவது நாகரிகமா? இரண்டாம் தடவை கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தார்கள். அவர் யாரையும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. பந்தலில் தலைவர் பேசும்போதும் பாலம் என்ற சொல்லை நாக்கில் வைக்கவில்லை. "நீங்க நடந்து வந்த வழிய நீங்களே பாத்தீங்க. நாங்க வாய்விட்டு வேற சொல்லணுமா?" என்றார். அதிகாரி புன்னகையோடு தலையாட்டினார். ஊரே வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டது. மறுநாள் நாற்காலிக்காரம்மா பலகையைப் பிரித்து ஒரு கல்யாணத்துக்கு ஏற்றி அனுப்பினாள்.

மாதங்கள் ஓடின. மருமகளுக்குக் குனிந்து நிமிர முடியாத நிலைமை வந்தது. மேற்கே மழை இறங்கி, ஓடையில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. சொன்ன கெடு தள்ளிப்போய், அந்தச் சமயத்தில்தான் அதிகாரி மறுபடி வந்தார், முடிவைச் சொல்வதற்கு. மறுபடியும் பலகை, கம்பளம், துணி. நல்ல சேதி கொண்டு வருகிறவரை இறங்கி நடக்க விடலாமா? இந்தத் தடவை இரும்புக் கால்களை ஊன்றுவதற்கே மகன் திணறிப்போனான்.

பந்தல் நிறைந்து கூட்டம். மருமகள் முன்வரிசையில் வயிற்றில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். நாற்காலிக்காரம்மா வழக்கம்போல ஓரத்தில் தரையில்.

"உங்க ஊரைப் பத்தி நான் எல்லா எடத்துலயும் பெருமையாச் சொல்றேன்" என்று ஆரம்பித்தார் அதிகாரி. "மத்த ஊருக்குப் போனா குறையத் தவிர பேச்சே இருக்காது. இங்க யாரைக் கேட்டாலும் ஒரு குறையும் இல்லன்னுதான் சொன்னாங்க. இந்தப் பக்கத்துல ரெண்டு ஊருல ஒரு ஊருக்குத்தான் பாலம் குடுக்க முடியும். உங்களுக்குத்தான் நல்ல பாலம் இருக்கே. அதனால அத பக்கத்து ஊருக்குக் குடுத்துட்டோம்."

முன்வரிசையில் சிலர் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார்கள். இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் என்ன கேட்டோம் என்பது உறைத்து, கைகள் அந்தரத்தில் நின்றன.

"உங்களுக்கு நான் கவனிச்சது வேற" என்றார் அவர் உற்சாகமாக. "கூடிப் பேச ஒரு எடம் இல்லாம வெயில்ல பந்தல் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அதனால உங்க முதல் தேவை சமுதாயக் கூடம்."

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து, "சார், அந்தப் பாலம்..." என்று இழுத்தார்.

"நல்லாத்தான இருக்கு? நானே நடந்து வந்தேன். அந்த அம்மாகிட்டயே கேட்டேனே." அதிகாரி கூட்டத்தில் தேடி, தரையில் உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்துக் கையைக் காட்டினார். "அவங்கதான் சொன்னாங்க, ஒரு குறையும் வராதுன்னு."

அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. யாரோ செய்த சதி என்றால் திட்டித் தீர்க்கலாம். இது அவள் கையால் ஊன்றிய கால், அவள் விரித்த கம்பளம், அவள் வாயால் சொன்ன வார்த்தை. புருஷன் உயிர் போன அதே இடத்தில் துணியைக் கட்டித் தொங்கவிட்டு, இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று அவளே காட்டியிருக்கிறாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மருமகள் தலையில் அல்லவா போட்டுவிட்டாள்! அவள் மருமகளைப் பார்த்தாள். அந்தப் பெண் மாமியாரைக் கோபமாகப் பார்க்கவில்லை. ஓடை இருக்கும் திசையைப் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் அவசரமாக அவள் அருகில் வந்து குனிந்தார். "இப்ப ஒண்ணும் பேசாதம்மா. பலகையப் போட்டு ஏமாத்தின ஊருன்னு ஆயிடும், கூடமும் போயிடும். அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"அடுத்த தடவயா?" என்றாள் அவள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "அவ வயித்துல இருக்கறதும் அடுத்த தடவ வர்றேன்னு சொல்லுமா?"

எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தலை விட்டு விறுவிறுவென்று நடந்தாள். அழப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதிகாரி கூடத்துக்கு எந்த இடம் தோதுப்படும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மகன் மட்டும் எழுந்து பின்னால் ஓடினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது அம்மா கம்பளத்தைப் பாதி சுருட்டியிருந்தாள்.

"அம்மா, என்ன பண்றே? அவர் திரும்பிப் போகணும்."

"போகட்டும். நாம போகலையா?"

"ஊரு என்ன சொல்லும்?"

"வாடகை முடிஞ்சுதுடா. பிரி."

அம்மாவின் முகத்தைப் பார்த்தபின் அவன் வாதாடவில்லை. தண்ணீரில் இறங்கிக் கட்டுகளை அவிழ்த்தான். துணி, கைப்பிடி, பலகை என்று ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. கடைசி இரும்புக் காலை உருவியதும் ஓடை வெறும் ஓடையாக ஓடிற்று.

அதிகாரி ஊர்க்காரர்கள் புடைசூழப் பேசிக்கொண்டே வந்தார். கரைக்கு வந்ததும் பேச்சு நின்றது. அக்கரையில் அவருடைய ஜீப் தெரிந்தது. நடுவில் கலங்கிய தண்ணீர். அவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். தவறான வழியில் வந்துவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ.

"பாலம் எங்க?" என்றார்.

 ஈரச் சேலையோடு பலகை அடுக்கின் பக்கத்தில் நின்றவள்தான் சொன்னாள். "இதான் சார். என்னோடது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடறது. நீங்க நனையக் கூடாதுன்னு போட்டேன். நீங்க கேட்டப்ப பொய் சொல்லணும்னு சொல்லல. எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லுவேன். வாயில வந்துடுச்சு."

அவர் பலகைகளைப் பார்த்தார், சுருட்டிய கம்பளத்தைப் பார்த்தார்.  தலைவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப நீங்கல்லாம் எப்படிப் போவீங்க?"

"முடிஞ்சவங்க நடப்போம்" என்றார் டீக்கடைக்காரர். "முடியாதவங்கள தூக்குவோம்."

டீக்கடைக்காரரே பந்தலுக்குப் போய் ஒரு நாற்காலியோடு வந்தார். கரையில் வைத்தார். அதிகாரிக்கு அதில் உட்கார இஷ்டமில்லை என்று தெரிந்தது. தண்ணீரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கடைசியில் உட்கார்ந்தார். காலுக்கு ஒருவராக நான்கு பேர் தூக்கினார்கள். நாற்காலிக்காரம்மா பின்னால் போய் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் தொடைக்கு ஏறியது. நாற்காலி சாய்ந்து நிமிர்ந்தது. அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது.

"கையப் பிடிச்சுக்குங்க சார்" என்றாள் அவள்.

அவர் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், யாரும் சொல்லாமலே டீக்கடைக்காரர் நின்றார். மற்ற மூவரும் நின்றார்கள்.

"என்ன ஆச்சு? ஏன் நிக்கிறீங்க?" என்றார் அதிகாரி.

"அன்னிக்கு இங்கதான் நின்னோம்" என்றாள் அவள் பின்னாலிருந்து. "எங்க வீட்டுக்காரர் இதே மாதிரி நாற்காலியில உக்காந்திருந்தார். கையப் பிடிச்சுக்குங்கன்னு சொன்னேன். பிடிக்கல. திட்டினேன் சார். செத்துப்போனவர திட்டிக்கிட்டே அக்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன்."

அதிகாரி திரும்பிப் பார்க்க முயன்றார். முடியவில்லை.  மறுபடி நடக்க ஆரம்பித்தார்கள்.

அக்கரையில் இறக்கி வைத்த பிறகும் அவர் உடனே எழுந்திருக்கவில்லை. ஜீப் டிரைவர் ஓடிவந்து குனிந்து பார்த்து, "சார், ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். அதிகாரி நாற்காலியிலிருந்தபடியே அவளைப் பார்த்தார்.

"அம்மா, திரும்பக் கேக்கறேன். உங்க ஊருக்கு என்ன குறை?"

இரண்டாம் தடவை கேட்டுவிட்டார். அவள் உதடு பழக்கத்தில், "ஒரு குறையும்" என்று தொடங்கிவிட்டது. டீக்கடைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து அழுகை பீறிட்டது. புருஷன் செத்தபோதுகூட இந்தக் கரையில் அவள் இப்படி அழவில்லை. அதிகாரி காத்திருந்தார்.

கையை எடுத்தாள்.

"பாலம் இல்ல சார்" என்றாள்.